மூன்று இரவுகளின் சுழிப்பிழை

மார்ச் 4

அன்புள்ள சித்திக்கு,

முதலிலேயே கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். சித்தப்பாவிடம்கூட வேண்டாம். உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? எனக்கு இழுப்பு குறைந்திருக்கிறது. அம்மாவும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அம்மா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறாள். குழாய்ச் சத்தத்தில் வெளியே கேட்காது என்று நினைக்கிறாள். வாளி நிறைந்து வழிவது எனக்குக் கேட்கிறது. நிறைந்த பிறகும் ரொம்ப நேரம் வழிகிறது.

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்துக்கு விண்ணப்பத்தை அனுப்பிய அன்று சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "அவங்க கருவிகளைத் தேர்ந்தெடுத்து முடிக்கிற வரைக்கும் உன் சித்தி எனக்குத் தங்கச்சி இல்ல. போன் வந்தா நான் எடுக்க மாட்டேன்."

"அப்ப எனக்குச் சித்தியா இல்லையா?" என்று கேட்டேன்.

"உனக்குச் சித்திதான். உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டு எழுது. வேற ஒண்ணும் எழுதாத" என்றாள். நான் வேறு எதையோ எழுதப் போகிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் அம்மா எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். சூரியன் தும்மினால் பூமிக்கு முன்கூட்டியே சொல்ல ஒரு செயற்கைக்கோள் போகப் போகிறது. அதில் இரண்டு இடம் காலி. கூட்டாளிகள் யாராவது தங்கள் கையாலேயே கருவி செய்து கொடுத்தால் ஏற்றிக்கொள்வார்கள். "பஸ் அவங்களுது, சீட்டும் தர்றாங்க. சாப்பாட்டை நாமதான் கட்டி எடுத்துட்டுப் போகணும்." ஆறு வருஷமாக அம்மா கட்டிய சாப்பாடு அந்தக் காந்தமானி.

விண்ணப்பத்தோடு ஒரு எண் போனது. காந்தமே இல்லாத இடத்தில் கருவி பூஜ்யம் காட்ட வேண்டும். ஆனால் அது பதினொன்று குறைத்துக் காட்டியது. இயற்பியல் வகுப்பில் இதைச் சுழிப்பிழை என்று படித்திருக்கிறேன். அது மாறாமல் இருந்தால் தப்பில்லை, கருவி சொல்வதோடு பதினொன்றைக் கூட்டிக்கொண்டால் போதும் என்று அம்மா எழுதி அனுப்பிவிட்டாள். போன வாரம் சும்மா மறுபடி அளந்து பார்த்தாள். பூஜ்யம்! சுத்தமான பூஜ்யம். மறுநாளும் அப்படியே. சென்சார் கெட்டுக்கொண்டிருக்கிறது, நாளைக்கு என்ன காட்டும் என்று சொல்ல முடியாது என்கிறாள்.

சித்தி, ஒரு சென்சார் தானாக அப்படி மாறுமா? அனுப்பிய எண்ணை மாற்ற முடியுமா? இதை மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுத வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எறும்பு


மார்ச் 15

என் எறும்புக்குட்டிக்கு,

கடிதம் வந்தது. கிழித்துவிட்டேன். முதுகு பரவாயில்லை, நாற்காலியை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். உன் சித்தப்பா புதிதாக நடைப்பயிற்சிக்குப் போகிறார், அதாவது தெருமுனைக் கடைவரை நடந்து போய், டீ குடித்துவிட்டு ஆட்டோவில் திரும்பி வருகிறார்.

நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லக் கூடாது, கண்ணு. தேர்வு வேலையில் உன் அம்மா பெயர் வரும்போது நான் அறையைவிட்டு வெளியே போய்விடுவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அறையை விட்டுப் போவது என்றால் காதையும் எடுத்துக்கொண்டு போவதுதான். கருவியைப் பற்றி எனக்கு எழுதாதே.

மற்றதை எல்லாம் எழுது. நேரத்துக்குத் தூங்கு. போர்வைக்குள் டார்ச் வைத்தால் கண்ணும் போகும், இழுப்பும் வரும்.

ஏழுக்குக் குறுக்கே கோடு போடும் பழக்கத்தை இன்னும் விடவில்லையா? முகவரியில் பார்த்தேன்.

அன்புடன்,
சித்தி


மார்ச் 27

அன்புள்ள சித்திக்கு,

இதையும் யாரிடமும் காட்டாதீர்கள். உங்கள் கடிதத்தைத் தபால்பெட்டியிலிருந்து அம்மாதான் எடுத்துவந்தாள். உறையின் ஒரு மூலையை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து, "உனக்கு வந்திருக்கு. நான் பிரிக்கல" என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் சமையலறையிலிருந்து, "முதுகு எப்படி இருக்காம்?" என்று கேட்டாள். "நாற்காலி மாத்திட்டாங்களாம்" என்றேன். "அது போதும்" என்றாள்.

ஏழுக்குக் கோடு போடக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான். ஒன்றும் ஏழும் குழம்பக் கூடாது என்று. நான் எப்படி விடுவேன்?

கருவியைப் பற்றி எழுதவில்லை. சால்டரிங் அக்காவைப் பற்றி எழுதுகிறேன். அம்மாவின் ஆய்வகத்தில் தலைமுடி அளவு கம்பியைக்கூடப் பற்றவைப்பது அவர்தான். நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு அங்கே போனபோது அம்மா சென்சாரின் மேல்மூடியை அறுத்துக்கொண்டிருந்தாள். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

"மேடம், நல்லா இருக்கற குழந்தைக்கு எதுக்கு ஆபரேஷன்?"

"நல்லா இல்லாமத்தானே அறுக்கறேன்."

"பூஜ்யம் காட்டணும், பூஜ்யம் காட்டுது. இதுக்கு மேல அது என்னதான் செய்யணும்? டான்ஸ் ஆடணுமா?"

"அப்ப அந்த மூணு ராத்திரி பதினொண்ணு காட்டினது யாரு?"

அக்கா என் பக்கம் பார்க்காமல், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பாப்பா ஒருவேளை தப்பா எழுதியிருக்குமோ?"

அம்மா ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டாள். "சென்சார் மேல சந்தேகப்படுவேன், என் மேல சந்தேகப்படுவேன். அவ எழுதினதுல தப்பு இருக்காது."

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த மூன்று இரவும் அளவுகளை எழுதியது நான்தான். லிப்டும் ரயிலும் நின்ற பிறகுதான் அளக்க முடியும். ஒருவர் அளவைப் பார்த்துச் சொல்ல வேண்டும், இன்னொருவர் எழுத வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அக்காவின் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அப்பா கப்பலில். வீட்டில் என்னைத் தனியாக விட முடியாது. கடைசித் தேதிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அக்கா திரும்பி வந்ததும் எல்லாப் பக்கத்திலும் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். வெளியாட்களைச் சோதனை அறைக்குள் விட்டால் அம்மாவின் அனுமதி அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று கதவிலேயே ஒட்டியிருக்கிறது.

கருவியைப் பற்றி எழுதிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

எறும்பு


ஏப்ரல் 26

அன்புள்ள சித்திக்கு,

உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா? ஒரு மாதமாகிறது. எங்கள் தபால்பெட்டியை நானே தினமும் இரண்டு தடவை பார்க்கிறேன். அம்மாவும் பார்க்கிறாள், பார்க்காத மாதிரி நடந்து போகிறாள். என் மேல் கோபமா? கோபமென்றால் கோபம் என்றாவது எழுதுங்கள். நாற்காலி எப்படி இருக்கிறது?

எறும்பு


மே 11

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. அதனால் எழுத வராததையும் எழுதிவிடுகிறேன். இதை எழுதிவிட்டாலும் நீங்கள் இப்போதைவிட அதிகமாகப் பேசாமல் இருக்க முடியாதே.

சோதனை அறை வாசலில் ஒரு மரத் தட்டு இருக்கிறது. கைக்கடிகாரம், சாவி, போன், பெல்ட், என் தலை ஊசி எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அம்மா தன் செருப்பைக்கூடக் கழற்றினாள், அதில் ஆணி இருக்கிறதாம். என்னிடம், "இரும்பு எதுவும் இல்லையே?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன்.

எழுதப் பென்சில் வேண்டுமே. அதனால் பென்சில் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். துணி போர்த்திய அட்டை டப்பாதானே. மூன்று இரவும் அதை ஒரே இடத்தில் வைத்தேன். சென்சாரை வைக்கும் உலோகப் பெட்டிக்குள் வெளிக்காந்தம் நுழையாது, கம்பி வெளியே வர ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். அந்தப் பக்கத்துக்கு நேர் கீழே இருக்கும் பலகையில்தான் வைத்தேன். எதையும் கண்ட இடத்தில் போடக் கூடாது என்று அம்மா சொல்வாள் அல்லவா? ஒழுங்காக, ஒரே இடத்தில் வைத்தேன்.

பிப்ரவரி 27-ஆம் தேதி பள்ளிக்கூடத்தில் டீச்சர் எல்லோர் மேஜையிலும் திசைகாட்டி வைத்தார். எல்லார் முள்ளும் வடக்கே பார்த்தது. என் முள் என் டப்பாவைப் பார்த்தது. டப்பாவைத் தள்ளினேன். முள் கூடவே வந்தது. மூடி 'டப்' என்று ஒட்டிக்கொள்வதற்குத் துணிக்கு அடியில் இரண்டு காந்தம் தைத்திருக்கிறார்கள்.

அது என் பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய நீல டப்பா, சித்தி. அதனால்தான் உங்களுக்கு எழுத வரவில்லை.

சென்சாருக்கு ஒன்றுமே இல்லை. எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. சொன்னால் நான் உள்ளே இருந்தது வெளியே வந்துவிடும், அட்டையைப் பிடுங்குவார்கள், அக்காவின் பொய்க் கையெழுத்தும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அம்மா நல்ல சென்சாரை அறுத்துக்கொண்டே இருப்பாள். இதுவரை இரண்டை அறுத்துவிட்டாள். மூன்றாவதுதான் கடைசி.

அவள் நேற்று என் தலையைத் தடவிக்கொண்டே தூங்கிப்போனாள். என்னால் தூங்க முடியவில்லை.

எறும்பு


ஜூன் 1

என் எறும்புக்குட்டிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குத்தான் இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

உன் முதல் கடிதத்தைக் கிழித்துவிட்டதாக எழுதினேன். கிழிக்கவில்லை.

வந்த ஒன்பது விண்ணப்பங்களிலும் பக்கங்கள் முழுதாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து அனுப்புவது என் வேலை. உன் அம்மாவின் கட்டு என்னிடம் வந்திருக்கக் கூடாது. வந்தது. படிக்காமல் எண்ணத்தான் செய்தேன். பின்னிணைப்பில் மூன்று பக்கம் கையால் எழுதியது. பத்து புள்ளி ஏழு, பதினொன்று, பத்து புள்ளி ஏழு. ஒவ்வொரு ஏழுக்கும் குறுக்கே ஒரு சின்னக் கோடு. கீழே வேறு யாரோ போட்ட கையெழுத்து.

ஏழுக்குக் கோடு போடுகிறவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கட்டை மூடினேன். இரண்டு வாரம் கழித்து உன் கடிதம் வந்தது. முகவரியில் பார்த்தேன் என்று உனக்கு எழுதினேன் அல்லவா? எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்குப் புரிந்து, நீயே அம்மாவிடம் சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். பெரியவள் நான் வாயைத் திறக்காமல், பதினான்கு வயதுப் பெண் திறப்பாள் என்று காத்திருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அந்த டப்பாவைக் கடையில் நான்தான் பத்து தடவை மூடித் திறந்து பார்த்தேன். அந்தச் சத்தம் உனக்குப் பிடிக்கும் என்று வாங்கினேன்.

இது சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதே. அங்கே மேலே சாதாரண நாளில் அளக்க வேண்டியதே ஐந்துதான். பதினொன்றைச் சும்மா கூட்டினால், சூரியனிலிருந்து காந்தம் தெற்கே சாய்ந்து வரும் புயல் வடக்கே சாய்ந்ததாகத் தெரியும். தெற்கே சாய்ந்ததுதான் மின்கம்பிகளைப் பொசுக்கும். உண்மையான புயல் வரும் நாளில் உன் அம்மாவின் கருவி எல்லோரையும் தூங்கச் சொல்லும்.

ஜூன் 26 வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வுக் கூட்டம். என் தலைவரிடம் பேச எனக்கு அதுவரைதான் நேரம்.

வேளைக்குச் சாப்பிடு.

சித்தி


ஜூன் 10

சித்திக்கு,

நீங்கள் பிப்ரவரியிலேயே பார்த்திருக்கிறீர்கள். நான் மூன்று மாதமாக உங்களிடம் எழுதி எழுதி அழுதிருக்கிறேன். நீங்கள் சித்தப்பா டீ குடிப்பதை எழுதினீர்கள். எனக்கு உங்கள் மேல் ரொம்பக் கோபம். உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை.

ஆனால் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அம்மா விண்ணப்பத்தைத் திரும்பப் பெறப் போகிறாள். மேஜையில் ஒரு காகிதம் பார்த்தேன். இப்படியே எழுதியிருந்தாள்:

"எங்கள் கருவி நிலையாக இல்லை. காரணத்தை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. கூட்டத்துக்கு முன் எங்கள் பெயரை நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். செய்தவள் என்ற முறையில் குறை என்னுடையது."

கடைசி வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருந்தாள்.

திரும்பப் பெற்றுவிட்டால் யாரும் அந்தப் பக்கங்களைப் பார்க்க மாட்டார்கள் அல்லவா? அட்டை போகாது. அக்காவுக்கும் ஒன்றும் ஆகாது. புயலும் வேறு யாருடைய கருவியிலாவது சரியாகத் தெரியும். அப்படியே விட்டுவிடலாம் சித்தி. தயவுசெய்து.

எறும்பு


ஜூன் 17

என் எறும்புக்கு,

கோபப்படு. அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. உன் இழுப்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்பேன்.

நீ நினைப்பது சரிதான். திரும்பப் பெற்றுவிட்டால் கட்டை மூடிவிடுவார்கள். நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. உனக்கு அது சுலபம், எனக்கு உன்னைவிடச் சுலபம். ஆனால் உன் அம்மா தன் கை கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே மீதி நாளை ஓட்டுவாள். என் அக்காவை எனக்குத் தெரியும், இன்னொரு கருவியைத் தொட மாட்டாள்.

அவள் திரும்பப் பெறாவிட்டால் வியாழக்கிழமை நான் சொல்லியே ஆக வேண்டும். இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள். அவளிடமிருந்து வந்தால் அது திருத்தம். என்னிடமிருந்து போனால் அது புகார். திருத்தத்தோடு வருகிற கருவியை எடுத்துக்கொள்வார்களா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அட்டை போகலாம். நான் இந்த வேலையில் இல்லாமலும் போகலாம், நான்கு மாதம் சும்மா இருந்திருக்கிறேனே.

நீ சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நான் எழுதவில்லை. எழுத எனக்கு முகமில்லை.

சித்தி


ஜூன் 25, புதன்

அன்புள்ள சித்திக்கு,

இதையாவது யாரிடமும் காட்டாதீர்கள் என்று எழுதத்தான் கை போகிறது. இது உங்களிடம் வரும்போது வியாழக்கிழமை போயிருக்கும். யாரிடம் காட்டினாலும் காட்டாவிட்டாலும் ஒன்றுதான். எனக்கு நேற்றிலிருந்து இழுக்கிறது. மருந்தை உறிஞ்சிவிட்டேன். உங்கள் முதுகு எப்படி இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல், மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டாள். நான் சால்டரிங் அக்கா வீட்டுக்குப் போனேன். டப்பாவை அவர் முன்னால் வைத்து, திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்தேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு, "வா" என்றார். ஆய்வகத்தில் லிப்டும் ஓடவில்லை, ரயிலும் அப்போது இல்லை, ஆளும் இல்லை. அறுக்காத அந்த மூன்றாவது சென்சார் பெட்டிக்குள் இருந்தது. சோதனை அறை வாசலில் என்னை நிறுத்திவிட்டார். "நீ உள்ள வராத. ஒரு தடவை செஞ்ச தப்பு போதும்."

டப்பாவை அவரே எடுத்துக்கொண்டு போனார். எங்கே வைப்பது என்று நான் வாசலில் இருந்தே சொன்னேன். பலகையில் வைத்தபோது பதினொன்று குறைந்தது. எடுத்தபோது பூஜ்யம். மறுபடி வைத்தார், பதினொன்று. எடுத்தார், பூஜ்யம். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தார், அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"ரெண்டு குழந்தையை அறுத்துட்டாங்களே பாப்பா, ஒரு டப்பாவுக்காக."

"நீங்க அம்மாகிட்ட சொல்றீங்களா?"

"கையெழுத்துப் போட்டது நான். அதை நான் சொல்லிக்கறேன், நாளைக்கே கேட்டாலும் சொல்றேன். டப்பாவை நீதான் சொல்லணும். உங்கம்மா உன் எழுத்தை நம்பித்தானே அந்தச் சென்சாரை நம்பாம போனாங்க?"

அது ஞாயிறு. திங்கள், செவ்வாய், இன்று என்று மூன்று நாளாகக் காலையில் டப்பாவைக் கையில் எடுக்கிறேன், ராத்திரி திரும்பப் பைக்குள் வைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மூடி 'டப்' என்று ஒட்டிக்கொள்கிறது.

இப்போது அடுத்த அறையில் அம்மா தட்டச்சு செய்கிறாள். அந்தக் காகிதத்தைத்தான். நாளைக் காலை எட்டு மணிக்கு அனுப்பப் போவதாகச் சாப்பிடும்போது சொன்னாள். நான் சோற்றை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். "ஏன் சாப்பிடல?" என்று கேட்டாள். பசியில்லை என்றேன். என் தட்டிலிருந்ததை அவள் எடுத்துச் சாப்பிட்டாள். அவளுக்கும் பசியிருக்கவில்லை. வீணாகக் கூடாதென்று சாப்பிட்டாள்.

தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது சித்தி. அச்சு இயந்திரம் ஓடுகிறது. அவள் நாற்காலி நகர்கிறது.

கதவைத் தட்டுகிறாள். ஒரு விரலால்தான் தட்டுவாள் எப்போதும். "தூங்கிட்டியா எறும்பு? லைட் தெரியுதே. இந்த லெட்டரைக் கொஞ்சம் படிச்சுப் பார்த்துக் கொடேன். நீ பார்த்துட்டா தப்பு இருக்காது" என்கிறாள்.

டப்பாவை எடுத்துக்கொண்டேன். கதவைத் திறக்கப் போகிறேன்.